மூன்றாவது பீரியட்

1

இந்தக் கதையை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. ஓர் ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். கல்வியால் உயர்ந்த தலித் பெண் ஒருத்தியைப் பற்றி, படிப்பவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்படி வேண்டுமாம். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் என்னோடு படித்தவள். இன்று கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"வறுமையிலும் விடாமுயற்சியோடு அந்தச் சிறுமி..."

(அடித்துவிட்டேன். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, மாதச் சம்பளம். அவளைத் தடுத்தது வறுமை அல்ல, பள்ளிக்கூடம்.)

2

நாற்பது பேர் இருந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் தலித். தினமும் மூன்றாவது பீரியட் கணக்கு. சாக்பீஸைக் கையில் எடுத்ததும் ஆசிரியர் அவளைப் பார்ப்பார். வாய் திறக்கமாட்டார். அவள் எழுந்து போய்ப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவுவாள். மணி அடிக்கும்போது ஈரப் பாவாடையோடு ஓடிவந்து, பலகையில் அழிக்காமல் மிஞ்சியதை நோட்டில் எழுதிக்கொள்வாள். கணக்கின் பின்பாதியை வைத்து முன்பாதியை அவளே கண்டுபிடிப்பாள்.

(இந்த இடத்தில் தயவுசெய்து நெகிழாதீர்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. முழுக் கணக்கும் கிடைத்த எங்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம்.)

3

மகளின் விரல்கள் பிளீச்சிங் பவுடரில் வெந்திருந்ததை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். மறுநாள் நேராகக் கழிப்பறைக்கு வந்து, அவளை இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்தார். பிறகு துடைப்பத்தைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தார்.

"கழுவுறது என் வேலை சார். அதை நான் ஆஸ்பத்திரியில செஞ்சுக்கறேன். இவளைப் படிக்கத்தான் அனுப்பறேன்."

நாளைக்கு இந்த வேலைக்குத்தானே வரப்போகிறாள், இப்போதே பழகட்டும் என்றார் அவர். இரண்டு பட்டம் வாங்கியவர். கல்வி மனிதனை மாற்றும் என்கிற மலர்க்காரர்கள் இவரை எந்தப் பக்கத்தில் அச்சடிப்பார்கள்?

அம்மா புகார் எழுதிக் கொடுத்தார். அதிகாரி வந்து விசாரித்தார். புகார் தள்ளுபடி. மகளைப் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். அம்மா ஏழு பள்ளிகள் ஏறி இறங்கி, இரண்டு பஸ் மாறிப்போகும் தூரத்துப் பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் வாங்கினார். அங்கே யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை. அதனால் படித்தாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

4

எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். போன் செய்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"புகார் ஏன் தள்ளுபடியாச்சுன்னு நீ எழுதலையே."

மறந்துவிட்டேன் என்று...

இல்லை. மறக்கவில்லை. வகுப்புத் தலைவி நான். அவளை யாராவது போகச் சொன்னார்களா என்று அதிகாரி என்னைத்தான் எழுப்பிக் கேட்டார்.

"இல்ல சார். அவளாத்தான் போவா."

தலைமையாசிரியர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஆண்டு கணக்கில் எனக்கு முதல் பரிசு.

போனில் மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும். முதல்ல அதை எழுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தலைமையாசிரியர் மேடையேறி அவளைப் பாராட்டுகிறார். இன்னொன்றில் நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். மூன்றாவதில் அவள் என்னை... மூன்றையும் கிழித்தாயிற்று. என்னை நல்லவளாக்கும் முடிவு எதையும் எழுதும் தகுதி எனக்கு இல்லை.

அந்த விசாரணை நாள். அவள் அம்மா வகுப்பு வாசலில் நிற்கிறார். அவள் கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டிருக்கிறாள். அதிகாரி என் பதிலை எழுதிக்கொண்டுவிட்டார். பேனாவை இன்னும் மூடவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்க்கிறார்.

எழுந்திருங்கள்.