முகத்துவாரத்துப் பள்ளம்

ஞானதாஸ் பேப்பர் படிக்கிற அழகைப் பார்க்கணும் என்று மாதா தெருவில் கேலியாகச் சொல்வார்கள். ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் உடைத்து முடித்ததும், விறைத்துப்போன விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவார். முந்தின ஆள் போட்டுவிட்டுப் போன பேப்பரை எடுத்தால் டெண்டர் அறிவிப்பு வரைக்கும் விடமாட்டார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் கோயில் படியில் உட்காருவார். முதலில் அன்றைக்குரிய நற்செய்தி. அப்புறம் பேப்பரிலிருந்து மூன்று நான்கு செய்தி. இரண்டையும் சத்தமாகப் படித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"இதுக்கு நாம இன்னா செய்யப்போறோம்?"

பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பங்குச்சாமியார் ஜெரோம் ஒருநாள், "மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான், அஞ்சாவது நம்ம ஞானதாஸ் பேப்பரு" என்று சொல்லப்போக, அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அஞ்சாம் சுவிசேஷம். ஞானதாஸுக்கு அதில் கோபமில்லை. உள்ளுக்குள் பெருமை என்றுகூடச் சொல்லலாம். வேதம் படிக்கிறவன் ரேஷன் கடையில் எடை குறைந்தால் வாயை மூடிக்கொண்டு வரக்கூடாது என்பது அவர் கட்சி. தெருவிளக்குக்கு மனு, கல்லறைத் தோட்டத்துப் பாதைக்கு மனு, குடிதண்ணீருக்கு மனு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார். சில அம்மிகள் நகர்ந்தும் இருக்கின்றன.

அவர் போட்டதிலேயே பெரிய மனு முகத்துவாரத்துக்கானது. ஏரியும் கடலும் சேருகிற அந்த வாய் வருஷா வருஷம் மணல் அடைத்துக்கொண்டு வந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறினால்தான் ஏரியில் இறால், மீன் எல்லாம். அடைத்துக்கொண்டால் படகும் வெளியே போகாது, ஏரியும் வெறும் உப்புக்குட்டைதான். மீனவக் குப்பத்துத் தலைவர் திருவேங்கடம் அதுவரைக்கும் மாதா தெருப் பக்கம் ஓட்டுக் கேட்கத்தான் வந்திருக்கிறார். அவரே ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தார்.

"நைனா, உனுக்கு எழுத வரும். எங்களுக்குக் கத்தத்தான் வரும். நீ எழுதிக் குடு."

எழுதினார். குப்பத்தில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை, மாதா தெருவில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை கையெழுத்துப் போட்டார்கள். சாமியாரும் போட்டார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, பேப்பர்காரர்களைக் கூட்டி வந்து, கடைசியில் ஒரு தை மாதம் மிதவை மேல் மணல் அள்ளுகிற மெஷின் வந்து இறங்கியது. குப்பத்தில் வெடி வெடித்தார்கள். அம்மன் கோயில் வாசலில் வைத்து ஞானதாஸுக்குத் திருவேங்கடம் ரோஜா மாலை போட்டார். அன்றைக்கு ராத்திரி ஞானதாஸ் மனைவி ஆரோக்கியமேரியிடம், "பாத்தியா மேரி, ரெண்டு சாமிக்கும் ஒரே வேல" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மேரிக்கும் அவள் தங்கை மஞ்சுவுக்கும், ஏன், மாதா தெருப் பெண்கள் எல்லோருக்குமே படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஏரியில் முறை வைத்து வலை போடுகிற பாத்தியதை குப்பத்துக்காரர்களோடு சரி. இந்தப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்த இறாலைப் போடுகிற பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பது கால்தான் சொல்லும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் மேடு. தண்ணீர் ஏறும்போது இறால் முதலில் அங்கேதான் ஒதுங்கும். மேரி சிறுபிள்ளையிலிருந்து நடந்த இடம்.

கான்ட்ராக்ட்காரன் முகத்துவாரத்தில் வெட்டச் சொன்ன கால்வாயை மட்டும் தோண்டியிருந்தால் வம்பில்லை. கால்வாயில் வெட்டுவது கஷ்டம், ஓரத்து மேட்டில் அள்ளுவது சுலபம். கணக்குக்கு மணல் மணல்தானே! மேட்டை ஆளுயரத்துக்கு மேல் குடைந்து எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு கழிகூட நடாமல் மெஷினை அடுத்த பக்கம் நகர்த்திக்கொண்டு போய்விட்டான். மேலே தண்ணீர் எப்போதும்போல் கலங்கலாக, அமைதியாக இருந்தது.

மேரி கால் வைத்தாள். பின்னால் வந்த மஞ்சு, அக்கா குனிகிறாள் என்றுதான் நினைத்தாள்.

குப்பத்தைக் குறை சொல்ல முடியாது. செய்தி கிடைத்ததும் ஒரு படகுகூட மீன்பிடிக்கப் போகவில்லை. ஏரியில் ஆள் விழுந்தால் உடம்பு கிடைக்கிறவரை வலை நனையக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. மாதா தெருப் பெண்ணுக்கும் அது பொருந்துமா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திருவேங்கடம்தான். தன் துண்டால் அவளைப் போர்த்தியிருந்தார். கல்லறையில் மண் போடும்போது பெரிய குரலெடுத்து அழுதார்.

அதே திருவேங்கடம், எட்டாம் நாள் பூசை முடிந்த மத்தியானம், ஞானதாஸின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை.

"விசாரணைக்கு ஆபீசர் வரப்போறாரு நைனா. அந்தம்மாவுக்கு வலிப்பு கீது, தண்ணில வந்துடுச்சின்னு சொல்லிடு."

"மேரிக்கு வலிப்பு கெடயாது தலைவரே."

"எனக்குத் தெரியாதா? பள்ளம்னு நீ சொன்னா வேலய நிறுத்திடுவான். கேஸு, கோர்ட்டுனு போவும். இன்னும் பாதி வாய்கூட வெட்டல. சித்திரைக் காத்து அடிச்சா மண்ணு வந்து மூடிக்கும். இத்தினி குப்பமும் இன்னா பண்ணும்? நீதான சாமி இதக் கொண்டாந்த? நீயே கெடுக்கலாமா?"

மிரட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கை கூப்பிக்கொண்டு நின்றார். மேரியைத் தூக்கி வந்த கை. 

ஞானதாஸ் சாமியாரிடம் போனார். ஜெரோம் சாமி நல்லவர், ஆனால் சண்டை என்றால் ஒதுங்குகிறவர். "பொய் சாட்சி சொல்லாதேங்கற எட்டாம் கட்டளைய நான் உனக்குச் சொல்லித்தர வேணாம் ஞானதாஸ்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பொய் சொல்றது வேற, சொல்லாம இருக்கறது வேற. துக்கத்துல இருக்கற, ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டு வந்துடேன்" என்று வழுவழுவென்று முடித்தார். ஞானதாஸ் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார்.

தவக்காலம் அது. வழக்கமாகப் படிக்கிற வேதப் பகுதியில் மோசேயின் பழைய சட்டங்கள் வந்தன. மாடு முட்டினால் என்ன, தீப்பிடித்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு. சாதாரணமாக எல்லோரும் புரட்டிக்கொண்டு போகிற பக்கங்கள். அவற்றில் ஒன்று: ஒருவன் குழி தோண்டி மூடாமல் விட்டு, அடுத்தவன் மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தால், குழிக்காரன்தான் ஈடு செய்ய வேண்டும். ஞானதாஸ் அதை மறுபடி மறுபடி படித்தார். மாட்டுக்கே இப்படி என்றால்? சரி, குழிக்காரன் யார்? மெஷின் ஓட்டியவனா, கான்ட்ராக்ட்காரனா? அந்த மெஷினை வரவழைக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் யார்? மேலே போட்டுக்கொண்ட ரோஜா மாலையை நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

நாளைக்கு மஞ்சு அதே மேட்டுக்குத்தான் போவாள். அவளோடு தெருவே போகும். அவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். மேரிக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை, இவர்களையாவது காப்பாற்றலாம் என்று அவர் முடிவு செய்தார். முடிவு செய்ததும் மனம் கொஞ்சம் லேசானதுகூட உண்மை.

விசாரணை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. வெளியே குப்பத்து ஆட்கள் நின்றார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க மனைவிக்கு ஏதாவது வியாதி இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்லா இருந்தா. கால்வாய்க்கு வெளியில மண்ணு அள்ளி பள்ளம் பண்ணி, அடையாளம் வெக்காம வுட்டுட்டாங்க. அதுலதான் போனா. தங்கச்சி பக்கத்துல இருந்துது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வேலய நிறுத்தாதீங்க சார். பள்ளத்தச் சுத்தி கழி நட்டு, கொடி கட்டச் சொல்லுங்க. அது போதும்."

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். நியாயமான மனுஷராகத்தான் தெரிந்தார். ஆனால் உயிர் போன இடத்தில் வேலையை ஓட்ட அவருக்கு மேலே இருப்பவர்கள் விடுவார்களா? அடுத்த வாரமே மெஷின் கரைக்கு வந்தது. அதற்கடுத்து லாரியில் ஏறிப் போயும் விட்டது. கழியும் நடவில்லை, கொடியும் கட்டவில்லை.

சித்திரைக்கு முன்பே காற்று ஆரம்பித்தது. திருவேங்கடம் சொன்ன மாதிரியே மணல் வந்தது. கால்வாயை மூடியது, மேரி விழுந்த பள்ளத்தையும் மூடியது. முகத்துவாரத்தில் ஆட்கள் காலணி நனையாமல் நடந்து போனார்கள். ஏரித் தண்ணீர் வற்றி, கரையெல்லாம் செத்த மீன் நாறியது.

குப்பத்தில் ஊர் கூடியது. ஞானதாஸ் மேல் யாரும் கை வைக்கவில்லை. மாதா தெருவிலிருந்து இனி ஒருத்தரும் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், அவ்வளவுதான். "பள்ளத்துல வுயிந்து சாவறாங்கன்னுதான வெசனப்பட்ட? இனிமே வுயமாட்டாங்க" என்று எவனோ கூட்டத்தில் சொன்னானாம். சிரித்தார்களாம். திருவேங்கடம் சிரிக்கவில்லை என்றும் கேள்வி. ஐஸ் கம்பெனி முதலாளி, "நீ தொட்ட ஐஸ படகுக்காரன் வாங்கமாட்டேன்றான்யா, நான் இன்னா செய்யட்டும்?" என்று கணக்கை முடித்து அனுப்பினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று மாதா தெருவே பேசியது. ஊருக்கு முன்னால் உண்மையைச் சொன்னோம், தேவன் பார்த்துக்கொள்வார் என்று ஞானதாஸும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தேவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் போல. வேறெதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

பெண்கள் கொஞ்ச நாள் திருப்பாலைவனத்துக்கு பஸ் ஏறி களையெடுக்கப் போனார்கள். அந்த வேலையும் தீர்ந்ததும் எளாவூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வேன் வந்தது. விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு போய், இருட்டுகிற நேரத்துக்கு இறக்கிவிடும். ஜெபமாலைக்கே ஆள் குறைந்தது. படியில் உட்கார்ந்து ஞானதாஸ் படிப்பதைக் கேட்க யாருமில்லை. அவர் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நற்செய்தி, பிறகு பேப்பர். அந்தக் கேள்வியை மட்டும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மஞ்சு வீட்டுக்குப் போகாமல் நேரே படிக்கு வந்தாள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்கா செத்ததிலிருந்து அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"ஏரிக்குப் போயி பாத்தேன் மாமா" என்றாள். "அக்கா போன எடத்துல மண்ணு வந்துடுச்சு. மொழங்காலு தண்ணிகூட இல்ல."

"போனியா? யாராவது பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும். அங்க ஒரு இறாலு இல்ல, கொசு கூட இல்ல. என்னத்த எடுத்துட்டேனாம்?" அவள் தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். "ஃபாதர கேட்ட. தலைவரு வந்து சொன்னத கேட்ட. வேதத்தக் கேட்ட. எங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டியா மாமா?"

"உங்களுக்காகத்தாம்மா சொன்னேன்."

"அதத்தான் கேக்கறேன். எங்களுக்காகன்னா எங்கள கேக்க மாட்டியா?"

"கேட்டிருந்தா சொல்லாதன்னுதான சொல்லியிருப்ப?"

"ஆமா. உன் கால புடிச்சிகினு அழுதிருப்பேன்." அவள் குரல் உடைந்தது. "அப்டியும் நீ என் பேச்சக் கேக்கலன்னா, பின்னாலயே வந்து ஆபீசர்கிட்ட நானும் சொல்லியிருப்பேன். தெருவே வந்து சொல்லியிருக்கும். செத்தது என் அக்கா."

ஞானதாஸ் பேப்பரை மடித்தார். மடித்ததையே இன்னொரு முறை மடித்தார்.

"அது போவட்டும்" என்றாள் மஞ்சு. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மெஷினு வர்றதுக்கு மின்னாடியே அக்கா உன்ன கேட்டுச்சாமே. எந்தப் பக்கம் தோண்டுவாங்க, நாங்க எங்க கால் வெக்கலாம், விசாரிச்சு சொல்லுன்னு. தண்ணில நின்னுகினு என்கிட்ட சொல்லிச்சு."

"நான் இன்னா சொன்னேனாம்?"

"ஒண்ணும் சொல்லலியாம். படிச்சிகினு இருந்தியாம். அது சிரிச்சுகினேதான் சொல்லிச்சு மாமா, கோவமா இல்ல."

தூக்கை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். ஞானதாஸ் படியிலேயே உட்கார்ந்து யோசித்தார். மேரி எப்போது கேட்டாள்? சோறு போடும்போதா, துணி மடித்துக்கொண்டே கேட்டாளா? ஒருமுறைதான் கேட்டாளா, பதில் வராமல் திரும்பவும் கேட்டாளா? எவ்வளவு முட்டிப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. மெஷின் வரப்போகிற அந்த வாரம் பேப்பரில் முகத்துவாரத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தார்கள் என்பது மட்டும் வரிக்கு வரி நினைவிருந்தது.