எட்டு மணி விவாதக்காரர்கள்

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, எட்டு மணி விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, அதில் பேசிய மூன்று பேர் டிவியை விட்டு இறங்கி, அடி அண்ணாமலை என்ற ஊரில் கஸ்தூரி வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார்கள். முதலில் இறங்கியவர் செருப்பை எங்கே விடுவதென்று கேட்டார்.

கூப்பிட்டது கஸ்தூரியின் புருஷன் சகாதேவன்தான். தினமும் டிவியைப் பார்த்துக் கத்துகிறவன், அன்றைக்கு "தைரியம் இருந்தா இங்க வந்து பேசுய்யா" என்று வாய்விட்டுவிட்டான். ஆளுங்கட்சிக்காகப் பேசும் தடித்தவர், எதிர்க்கட்சிக்காகப் பேசும் ஒல்லியானவர், இரண்டு பேரையும் திட்டுவதற்கென்றே வரும் ஓர் அம்மாள் என மூவரும் வந்துவிட்டார்கள். தோளில் மைக் தொங்கியது.

கஸ்தூரிக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அவர்களுடைய இட்லிக்கடை முன்பெல்லாம் ஒரே கடையாக இருந்தது. சகாதேவன் பார்ப்பது ஒரு சேனல், அவன் தம்பி பரசுராமன் பார்ப்பது வேறு சேனல். போன தேர்தலில் அதை வைத்து வாய்ச்சண்டை முற்றி, கடைக்கு நடுவில் தகரம் அடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து கஸ்தூரி இந்தப் பக்கமும், பரசுராமன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் அந்தப் பக்கமும் தனித்தனியாக மாவாட்டினார்கள். ஓரகத்திகள் பேசக்கூடாது என்று உத்தரவு. தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருமினால் அந்தப் பக்கம் இன்னொருத்தி இருமுவாள், அவ்வளவுதான்.

வந்தவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று சகாதேவன் தடித்தவரையும் ஒல்லியானவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்தான். கஸ்தூரி தோசை வைத்தாள். ஒல்லியானவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றார். தடித்தவர் மறந்திருந்தார். ஒல்லியானவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சகாதேவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நீங்க ரெண்டு பேரும் விரோதி இல்லியா?"

"அது எட்டுலேர்ந்து ஒம்பது வரைக்குங்க," என்றார் தடித்தவர். "இவரு பொண்ணு கல்யாணத்துல பந்தி கவனிச்சதே நான்தான்."

"உங்களுக்கோசரம் எந்தம்பி புள்ள காதுகுத்துக்குக்கூட நான் போவல," என்றான் சகாதேவன்.

அந்த அம்மாள் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "உங்கள யாருங்க போவ வேணாம்னது?" என்றாள்.

சகாதேவன் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டிய பெண்டாட்டி சொல்லிச் சொல்லிக் கேட்காததை டிவிக்காரி சொல்லி யோசிக்கிறானே என்று கஸ்தூரிக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் அந்த அம்மாளுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

விடிந்ததும் அவன் கடைக்குப் போய்த் தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கினான். சத்தம் கேட்டுப் பரசுராமன் வந்தான். தகரம் அண்ணன் காலில் விழுந்துவிடாமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டான். திறந்த இடைவெளி வழியாக வெள்ளையம்மாள் வந்து, "சட்னில புளி ஜாஸ்தி போடறக்கா. வாசனையே சொல்லுது," என்றாள். கஸ்தூரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை.

டிவியிலிருந்து வந்த மூவரும் திரும்பிப் போகவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தடித்தவர் சாம்பார் வாளி தூக்குகிறார். ஒல்லியானவர் இலை போடுகிறார். அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்டுகிறாள். அந்தச் சேனலில் மூன்று நாற்காலி இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. எட்டு மணி விவாதம் மட்டும் அதே சத்தத்தோடு நடக்கிறது, நடுவில் விளம்பரமும் வருகிறது. ஊரில் யாரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை. கஸ்தூரிக்கு அரிசிதான் கொஞ்சம் ஜாஸ்தி ஊறப்போட வேண்டியிருக்கிறது.