வரிசை மாறிய ஒன்பது பெயர்கள்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் தேடிப் போனது அல்ல. என் தங்கை மதியம் போன் செய்து, "அண்ணா, கொஞ்சம் வந்து என்கூட உக்காரேன்" என்றாள். கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பட்டியலை எக்செல்லில் போடுவது அவள் வேலை. இப்போது பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கை சும்மா இருக்குமா? எழுதுகிறேன். அவள் எட்டிப் பார்க்கிறாள்.

2
முதல் தொடக்கம்: "அன்று காலை கம்ப்யூட்டர் செய்த கோளாறால் ஒன்பது பேரின்..."

"அடிச்சிடு," என்றாள். "கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சு, பாவம்? பெயரை மட்டும் அகர வரிசையில அடுக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து நகர்த்தட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் அவசரத்துல வேண்டாம்னு அழுத்தினேன்."

பெயர்கள் நகர்ந்தன; ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் வைக்கவேண்டிய லென்ஸின் எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் லென்ஸ். (வாசகரே, பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்ததாம் அந்தப் பட்டியல். அதுதான் ஆபத்து.)

3
இரண்டாம் முயற்சி: "கழுகுக் கண் கொண்ட என் தங்கை..."

"ஐயோ, போதும்ண்ணா!"

சரி, நடந்தது இதுதான். முதலில் ஆபரேஷனுக்கு உள்ளே போகவேண்டியவர் ஒரு தையல்காரம்மா. சோடாபுட்டிக் கண்ணாடி; அவ்வளவு கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு உள்ளே வைக்கும் லென்ஸின் எண் குறைவாகத்தான் இருக்குமாம். அவருடைய லென்ஸ் எண் ஆறு என்பது இவளுக்கு நினைவிருந்தது. கையிலிருந்த தாளில் இருபத்திரண்டு. ஓடினாள். தாளைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. (நானாக இருந்தால் மாற்றியிருப்பேன். நான் கோழை.) இவளோ எல்லார் முன்னாலும், "நிறுத்துங்க டாக்டர், லிஸ்ட் தப்பு, என் தப்பு" என்றாள். ஒன்பது பேரின் கண் அளவுச் சீட்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார்கள்.

பெரிய டாக்டர் சொன்னது ஒரே வரி: "நாலு மணிக்கு என் ரூமுக்கு வாங்க."

4
மணி மூன்று ஐம்பத்தைந்து. முடிவு அ: டாக்டர் தட்டிக்கொடுக்கிறார். "சினிமாவா?" என்று பேனாவை வாங்கிக் கோடு போட்டு அடித்துவிட்டாள். முடிவு ஆ: வேலை போகிறது. இதை நானே அடித்தேன், மனசு கேட்கவில்லை.

"நெஜமாவே வேலை போயிட்டா?" என்றேன்.

"போகட்டும். அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகணும். மூலப் பட்டியலைப் பூட்டி வைங்க, அடுக்கறதுக்கு நகல் எடுத்துக்கங்க, அச்சடிச்சதும் இன்னொருத்தர் சீட்டோட ஒத்துப் பாருங்க. எங்கே, அதையாவது ஒழுங்கா எழுது."

எழுதிவிட்டேன், என் தங்கமே.

கூப்பிட்டார்கள். போய்விட்டாள். கதவு சாத்தியாயிற்று.

எனக்கு முடிவு தெரியாது. தெரிந்தாலும் பாசத்தில் கொஞ்சம் திருத்திவிடுவேன், என்னை நம்பாதீர்கள். ஆகவே டாக்டரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தானே வந்து தன் தப்பைச் சொன்ன பெண் உங்கள் எதிரில் நிற்கிறாள். அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?