ஏறக்கூடாத எண்

காசநோய்ப் பரிசோதனைப் பட்டை செய்யும் கம்பெனியில், தட்டுக்கு ஒரு பட்டையை எடுத்து, அதிலிருக்கும் தங்கப் புள்ளியில் ஒரு சொட்டுச் சுத்தத் தண்ணீர் விட்டு மீட்டரைப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ துளி இருந்தாலும் புள்ளி பிடித்துக்கொள்ளும். மின்சாரம் மாறி எண் ஏறும். சுத்தத் தண்ணீருக்கு ஏறவே கூடாது. இன்று தட்டுக்குத் தட்டு ஏறியது. எல்லாம் தங்கச்சி தன் மேசையில் பட்டைகளுக்கு மருந்துச் சொட்டு வைத்து அடுக்கிய தட்டுகள்.

மாஸ்க் போட்டால் தங்கச்சிக்கு மூச்சுக்காற்று பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிவிடும், சொட்டு விழும் இடம் தெரியாது. அதனால் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வாள். கை வேகத்துக்குப் பெயர் எடுத்ததே அப்படித்தான். கொஞ்ச நாளாக இருமல் வேறு.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அவளிடம் ஒரு குப்பியை நீட்டினாள். "இருமிட்டு இதுல துப்பு."

"என்னக்கா, எனக்கே பரீட்சையா?"

"துப்புடி."

வேறு மேசைப் பட்டை ஒன்றில் அதைச் சொட்டு விட்டதும் எண் கிடுகிடுவென்று ஏறியது. அந்தத் தட்டுகள் வெளியே போனால், நோயில்லாதவர்களுக்கும் நோய் என்று காட்டும். சொன்னால் கம்பெனியே வைத்தியம் பார்க்கும் என்று நம்பி, நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா, கம்பெனி மானம் தப்பிச்சுது" என்றவர், உடனே தங்கச்சியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பச் சொன்னார்.

"அவளுக்கு வைத்தியம், சார்?"

"கான்ட்ராக்ட் ஆளுக்கு ஏதும்மா அதெல்லாம்? ஆஸ்பத்திரில வரிசைல நின்னு டெஸ்ட் எடுக்கட்டும்."

"அதான் நம்ம பட்டையே காட்டிருச்சே, சார்."

"அப்படின்னு கம்பெனி எழுதியா குடுக்க முடியும்?"

தங்கச்சி அழவில்லை. "மொதல்ல எங்கிட்ட சொல்லணும்னு தோணலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பாவி, ஏன் தோன்றவில்லை என்று அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மற்ற மேசைகளின் பட்டைகள் பெட்டியில் அடுக்கப்பட்டன. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். கேட்டுக்கு வெளியே தங்கச்சி ஆட்டோவுக்காக நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வருது, தள்ளி நில்லும்மா" என்று காவலாளி அவளை விரட்டினான். அவள் நகர்ந்து நின்ற இடத்தில் மர நிழல்கூட இல்லை.

"மெதுவா போங்கம்மா, சூடு பட்டா பட்டை கெட்டுரும்" என்றபடி சூப்பர்வைசர் ஓடிவந்து, பெட்டிக்குக் குடை பிடித்தார்.