நொடிக்கு ஒருமுறை

"இன்னா செல்லி, இன்னிக்கும் முப்பத்தொண்ணுதானா?"

அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சமுதாயக் கூடத்துப் பாடப்பெட்டியின் திரையில், என் பெயருக்குப் பக்கத்தில் நின்ற எண்ணைப் பார்த்துத்தான் ஒருநாள் அப்படிக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

பெட்டி உள்ளங்கை அகலம்தான். அதற்குள் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்கு அதில்தான் பாடம். தொண்ணூறு பயிற்சி முடித்தால் ஆலங்காயம் விடுதியில் தங்கிப் பத்தாவது எழுதலாம். இல்லாவிட்டால் கார்த்திகையில் எல்லோரோடும் குடகுக்குப் போய்க் காப்பிப் பழம் பறிக்க வேண்டும். "பொட்டி சொல்லட்டும், அனுப்பறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

மலையில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருமுறை அப்போதுதான் முடித்த பயிற்சி அழிந்துபோனது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பதை நொடிக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்தேன். சில மாதங்களில், ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம் என்றானது. அப்புறம்தான் இந்த முப்பத்தொன்று. பகலில் நாற்பது வரை ஏறும். கரண்ட் போய் வந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பெட்டிக்குப் பொறுப்பான ஈஸ்வரி அக்காவுக்குப் போன் செய்ய, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினேன். அவர் "ஹலோ" என்றதும், பெட்டியில் என்ன மாற்றினாய் என்று கேட்பாரோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

அக்கா கணக்கெடுக்க வரும் கடைசி நாளன்று விடியும்போதே உட்கார்ந்தேன். விடைகள் மனப்பாடம். மீதி ஐம்பத்தொன்பதையும் எழுந்திருக்காமல் போட்டேன். கரண்ட் போகவில்லை. பதினோரு மணிக்குத் தொண்ணூறு. அப்பா எட்டிப் பார்த்தார். "அடிச்சிட்டியே!" என்று சிரித்தார்.

அக்கா பஸ்ஸில் வந்த களைப்போடு நேராகப் பெட்டியிடம் போனார். கார்டை எடுப்பதற்கு முன் சுவிட்சை அணைப்பது அவர் வழக்கம். அவர் கை அங்கே போவதைப் பார்த்தேன். பெட்டி அணைந்தது.

கார்டைத் தன் லேப்டாப்பில் செருகினார். முப்பத்தொன்று.

"இப்பதான் தொண்ணூறு இருந்திச்சிம்மா. என் கண்ணால பாத்தேன்" என்றார் அப்பா.

"இருந்திருக்கும்ணா. எழுதி எழுதிக் கார்டு தேஞ்சிப்போச்சி. பழசப் படிக்கலாம், புதுசா ஒண்ணும் ஏறாது. ஓடற வரைக்கும் பொட்டி ஞாபகம் வெச்சிருக்கும், அணைச்சா போச்சி." லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தார். "யாரு இத நொடிக்கி ஒருதரம்னு வெச்சது?"

வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"வேற கார்டு குடும்மா, மறுபடி போட்டுடுவா."

"கையில இல்லண்ணா. ஆபீஸ்லேர்ந்துதான் வரணும். ரெண்டு மணி பஸ்ஸுக்கு நான் கெளம்பணும், லிஸ்ட்டு இன்னிக்கே குடுக்கணும்."

"நீயே தொண்ணூறுன்னு போட்டுக்கக் கூடாதா?"

"கார்டுல இருக்கறதத்தாண்ணா எடுத்துக்குவாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே புளியமரத்தடியில் வேன்காரர் குடகுக்கு வருகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் நடந்தார்.