எட்டுச்செலவுக்கு ஒரு கிங் ரிப்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பாதியில் நிறுத்திய ஒரு பேச்சிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. நாகரிகம் கருதி நிறுத்தவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், அந்தச் சுகத்தில் நிறுத்தினேன். அதன் பலனாக, பிறவிச் சைவமான ஒரு பெண் பன்றி இறைச்சியைக் கையால் பிசைய வேண்டியதாயிற்று.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

ஒஸ்லோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. [கொட்டவில்லை. அது ஜூன் மாதம். ஒஸ்லோக் கதை என்றால் உடனே பனியைக் கொட்டுகிறேன், வெட்கமாக இருக்கிறது.]

ஜெயரத்தினம் அண்ணையின் ஆவி ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் ஒரு பொரித்த பன்றித் துண்டுக்காக [ஆவியை நான் காணவில்லை. இல்லாததைச் சொல்லி ஏற்கெனவே பட்டது போதும்.]

சரி, நேராகவே சொல்கிறேன்.

2

ஜெயரத்தினம் அண்ணை, ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எனக்குப் பக்கத்துக் கட்டடம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். சைவ வீடானாலும் அன்றைக்கு மட்டும் மீன், இறைச்சி, சாராயம் எல்லாவற்றுக்கும் இலையில் இடம் உண்டு. [எட்டை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, பன்னிரண்டு நாள் கழித்து எரித்த நாளிலிருந்தா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அது தனிக்கதை, வெட்டிவிட்டேன்.]

முதல்நாள் எல்லோரும் கூடிப் பட்டியல் போட்டோம். அண்ணையின் மனைவி தங்கேஸ்வரி அக்கா எழுதினார். கல்யாணமான முப்பத்தொரு வருடமும் அந்த வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வந்ததில்லை. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு என்று பட்டியல் பத்தியமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அலுப்புத் தட்டியது. வாயைத் திறந்தேன்.

“அண்ணை கலியாணத்துக்கு முன்னம் கிளாஸ்கோவிலை இருக்கேக்கை, ஒன்பது வருசம் ஒவ்வொரு நாளும் கிங் ரிப் திண்டவராம்.”

ஸ்கொட்லாந்துப் பொரியல் கடைகளில் விற்கிற பண்டம் அது. அரைத்த பன்றி இறைச்சியை விலா எலும்பு போல வரிவரியாக அழுத்தி, மாக்கரைசலில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் போடுவார்கள். உள்ளே எலும்பு கிடையாது.*

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா பேனாவை உயர்த்தி என்னைப் பார்த்தார். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். என் எந்த வசனத்துக்கும் யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

“முப்பத்தொரு வருசம் என்னட்டை ஒரு நாளும் வாய் திறந்து கேக்கேல்லையே” என்றார் அக்கா. பிறகு, பட்டியலின் தலையில், பருப்புக்கும் மேலே, கிங் ரிப் என்று எழுதினார்.

* வரைவைப் படித்த மீனாட்சிசுந்தரம் (மதுரைக்காரர், இங்கே கணினி வேலை) கேட்டார்: “எலும்பே இல்லாததுக்கு எதுக்கு சார் எலும்பு டிசைன்? லாஜிக் இடிக்குதே. அப்புறம், படையல்ல போர்க்கா? எங்க வீட்ல சொன்னா விரட்டிருவாங்க. இதையெல்லாம் கதையில போட்றாதீங்க சார்.” போட்டுவிட்டேன்.

3

அண்ணை உண்மையில் சொன்னது இது. ரயில் தாமதமான ஒரு காலையில், ஹவுகெட்டோ நிலையத்தில், என்னிடம்:

“ஒன்பது வருசம் ஒவ்வொரு நாளும் கிங் ரிப் திண்டனான். வேலை செய்த கடையிலை மிஞ்சுறது அதுதான். செத்தாலும் அந்தச் சாமானை என்ரை முகத்திலை காட்டிப்போடாதேங்கோ.”

இரண்டாம் பாதியைச் சொல்ல எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தன. நான் சொல்லவில்லை. [இங்கே என் கோழைத்தனத்துக்கு ஒரு தத்துவ விளக்கம் எழுதியிருந்தேன். படிக்கச் சகிக்கவில்லை.]

4

அவர்கள் மகன் சிந்துஜன் மறுநாள் காலை எனக்குப் போன் எடுத்தான்.

“மாமா, நோர்வேயிலை ஒரு இடத்திலையும் இல்லை. பேர்கன் வரைக்கும் கேட்டுப் பாத்திட்டன். அம்மா தானே செய்யப்போறாவாம். நீங்கள் வாங்கோ.”

அண்ணையோடு அதே கடையில் வேலை செய்த எட்வேட், கிளாஸ்கோவிலிருந்து செய்முறை சொல்ல வீடியோவில் வந்தார். “ஆருக்கு? ஜெயத்துக்கோ? கிங் ரிப்போ?” என்று அவர் ஆச்சரியப்பட, நான் சட்டென்று போனை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அக்கா முதலில் கையுறை போட்டார். ஒரு கணம் யோசித்து, கழற்றி எறிந்தார். “உறை போட்டுக்கொண்டோ அவருக்குப் படைக்கிறது?” கண்ணை மூடிக்கொண்டு இறைச்சியைப் பிசைந்தார். இடியப்பத் தட்டில் வைத்து அவித்து இறுக்கினார். அகப்பைக் காம்பால் வரி போட்டார். மாவில் பெருஞ்சீரகம் தூவினார்.

“அக்கா, அதுக்குப் பெருஞ்சீரகம் போடுறேல்லை!” எட்வேட் அலறினார்.

“நீர் சும்மா இரும். பெருஞ்சீரகம் இல்லாமல் இந்த வீட்டிலை ஒண்டும் பொரியாது.”

முதல் துண்டு எண்ணெயில் விழுந்ததும் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீரிட்டது. “அம்மா, ரொய்க்வாஷ்லர்!” என்று கத்தியபடி சிந்துஜன் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். அக்கா அசையவில்லை. துண்டைத் திருப்பிப் போட்டார். அந்த இரைச்சலுக்குள் நின்று அவர் சிரித்தார். அண்ணை போனபிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. நான் அடுத்த துண்டை மாவில் தோய்த்துக் கொடுத்தேன்.

5

எழுதிக் கிழித்த முடிவுகள்:

(அ) படைக்குமுன் உண்மையைச் சொல்கிறேன். அக்கா கரண்டியால் என் தலையில் [நியாயமான முடிவு. ஆனால் அக்கா கைநீட்டுகிறவர் இல்லை.]

(ஆ) சொல்லாமலே விடுகிறேன். இனி ஒவ்வொரு திவசத்துக்கும் கிங் ரிப். அங்கேயும் அண்ணைக்கு விமோசனம் இல்லை.

(இ) அண்ணை நேரில் வந்து தட்டைத் தள்ளிவிட்டு, பருப்பை மட்டும் வழித்துச் [மேலே சொல்லிவிட்டேன், ஆவி கிடையாது.]

6

நடந்தது இது.

படைத்தோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். கதவைத் திறந்ததும் அக்கா நேரே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கிங் ரிப்பில் ஒரு மூலையைப் பிய்த்தார். நாங்கள் தடுப்பதற்குள் வாயில் வைத்துவிட்டார். அறுபத்துமூன்று வருடச் சைவம்.

மெதுவாக மென்றார். விழுங்கினார்.

“இதையோ அந்த மனுசன் ஒன்பது வருசம் திண்டது?”

மீதியை இலையிலேயே வைத்தார்.

“ஆக்கிக் குடுக்க ஒருத்தரும் இல்லாமல் திண்டிருக்கிறார், பாவம்” என்றார். அப்போதுதான், அன்றைக்கு முதல்தடவையாக, அக்கா அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அவர் இவ்வளவுதான் சொன்னவரோ? மிச்சம் ஏதும் சொன்னவரோ?”

சொன்னால், முப்பத்தொரு வருடம் அவர் வேறெதற்கும் ஏங்காமல் ஆசையாகச் சாப்பிட்டது அக்காவின் கைச் சாப்பாட்டைத்தான் என்று அக்காவுக்குத் தெரியவரும். செத்தாலும் காட்டாதே என்று அவர் கேட்டுக்கொண்டதைத் தானே பிசைந்து, பொரித்து, அவர் முன்னால் வைத்ததும் தெரியவரும். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நான் அன்றைக்குச் சொன்ன பதில் இந்த இடத்தில் இருந்தது. நீக்கிவிட்டேன். என் பேச்சால் வந்த வினையை என் பேச்சாலேயே முடித்துவைக்க எனக்கு அருகதை இல்லை. அண்ணை சொன்ன இரண்டு பாதியும் இப்போது உங்களுக்குத் தெரியும். அக்கா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.