தெருப் பொறுப்பாளர்

"அந்தப் பேனாவைக் குடுங்க," என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு.

கணவர் கொடுக்கவில்லை. அவர் முன்னால் கட்சி கொடுத்த படிவம். தெருவில் குடியிருக்கும் வந்தேறிகளின் பட்டியலை அவர் எழுத வேண்டும். பட்டியலில் இருப்பவர்களைத் துரத்துவது கட்சியின் கொள்கை.

பிஸ்கட் ஆலையில் இருபத்திரண்டு வருடம் அடுப்பைக் கவனித்தவர் அவர். புது இயந்திரம் உள்ளே வந்தது, அவர் வெளியே வந்தார். அதன்பின் வேலை தேடிப் போன இடமெல்லாம் அவர் வெறும் டோக்கன் நம்பர். வீட்டில் மகள் ஃபோனைவிட்டுத் தலை தூக்காமலே "சரிப்பா" என்பாள். கட்சி அலுவலகத்தில்தான், "வாங்க ஐயா, உக்காருங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். மனிதர் அரைமணி நேரம் பேசினார். இயந்திரத்தைத் திட்டப் போனவர், வந்தேறிகளைத் திட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மறுவாரமே தெருப் பொறுப்பாளர் ஆனார்.

"நம்ம வேலையெல்லாம் வந்தவன் புடுங்கிட்டான்டி."

"உங்க வேலையைப் புடுங்குனது மெஷினு. அது எந்த நாட்டுலேர்ந்து குடிவந்துச்சாம்?"

"உனக்கு அரசியல் புரியாது."

"புரிய வேணாம். முதல்ல என் பேரை எழுதுங்க. நாலு வயசுல எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு எல்லை தாண்டி வந்தவ நான்."

"சீ! நீ என் பொண்டாட்டி. உன்னைச் சொல்லலை."

"மாடிவீட்டு நர்ஸு?"

"அந்தம்மா தங்கம். எனக்கு ஊசி போட்டவங்க."

"முடிவெட்டுறவரு?"

"அவரு நம்மாளு மாதிரி."

"அப்ப யாரைத்தான் தொரத்துவீங்க?"

அவர் காலிப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்தவங்களை."

மனைவி பேனாவைப் பிடுங்கி, முதல் வரியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். "கொண்டுபோய்க் குடுங்க. என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

கிழிக்கலாமென்றால் படிவத்தில் வரிசை எண் இருந்தது; கிழித்தாலும் அடித்தாலும் கட்சியில் கணக்குக் கேட்பார்கள். 'இது என் மனைவி பேரு, பட்டியல்லேர்ந்து அடிச்சிடுங்க' என்று சொல்லிவிடுவதாக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

அலுவலகத்தில் கூட்டம். இவரைக் கண்டதும் நாலு பேர் எழுந்து நின்றார்கள். செயலாளர் படிவத்தை வாங்கி உயர்த்திக் காட்டினார். "பாருங்க, ஐயாதான் முதல் ஆளா முடிச்சிருக்காரு!"

கைதட்டல் ஓய வெகுநேரமானது.

"ஒரே ஒரு பேருதான் இருக்கு. யாருங்கய்யா இந்தம்மா?" என்று கேட்டார் செயலாளர்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"யாரோ புதுசா வந்தவங்க போல," என்றார் அவர்.